சைரன் அடிக்கக் கூடாது

பூஜை நடக்கும் பெருமாள் உள்ளின் கதவு சாத்தியிருந்தது. சங்கிலி கொண்டியில் மாட்டியபடி அசையாமல் தொங்கியது. ஆனாலும் பக்கத்துச் சுவரில் இருந்த அலாரப் பலகையில் மூன்றாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஸிந்துஜா கையில் காபி டபராவோடு நின்று அதையே பார்த்தாள். மிளகளவு சிவப்பு விளக்கு. ஒவ்வொரு விளக்கும் ஒரு கதவுக்கு. நிலையில் ஒரு சின்ன ஸ்விட்ச், கதவில் ஒரு காந்தம், இரண்டையும் பெட்டியோடு சேர்க்க சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுபோன ஒயர். கதவு சாத்தியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், திறந்தால் எரியும். அந்தப் பெட்டிக்கு வேறு பாஷை தெரியாது. வாசலில் தொடங்கி, ரேழி ஜன்னல், பெருமாள் உள், சமையல் நடக்கும் தளிகை உள், கொல்லைக் கதவு என்று வரிசையாகப் போய், கொல்லையை ஒட்டிய சின்ன அறையோடு விளக்குகள் முடிந்தன.

அவள் சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்து, தோளால் அழுத்திச் சாத்தினாள். விளக்கு அணைந்தது. சங்கிலியை மாட்டிவிட்டுத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் பலகை ஒருமுறை கீச்சென்றது. யாராவது கதவைத் திறந்தால் அது போடும் சத்தம்.

மூன்றாவது விளக்கு மறுபடி எரிந்தது. சங்கிலி ஆடக்கூட இல்லை.

"யாருடி அங்க, காலங்கார்த்தால கதவைப் போட்டு இடிக்கறது?" என்றாள் மாமியார் அம்ருதவல்லி, தளிகை உள்ளிலிருந்து.

"நான்தாம்மா. இந்த விளக்கு..."

"மறுபடியுமா?"

அந்த ஒரு சொல்லில் ஒரு வருஷம் இருந்தது.

தெருக்கோடி வீட்டில் வெள்ளிப் பாத்திரங்கள் திருட்டுப்போன பிறகு, சென்னையில் பேங்க்கில் இருந்த அவள் கணவன் நாராயண் பிடிவாதமாக இந்த அலாரத்தை வாங்கி மாட்டினான். சின்னக் காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவிலேயே முதல் அலாரம். மாட்டிக்கொடுத்த கம்பெனி கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. மாடிப் படிக்கு அடியில் தகரப் பெட்டியும், மொட்டை மாடியில் புனல் போன்ற சைரனும், எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்க ஒரு கதையும் மிஞ்சின.

கதை போன வைகாசியில் நடந்தது. பெருமாள் புறப்பாடு இவர்கள் வாசலில் வந்து நின்று, கோஷ்டி பாசுரத்தின் நடுவில் இருந்தபோது, மாடியிலிருந்து சைரன் அலறியது. திருச்சின்னம் ஊதியவர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள். குழந்தைகள் வீறிட்டன. திருடன் என்று நினைத்துத் தெருவே வீட்டுக்குள் நுழைந்தது. "எந்தக் கதவுன்னு பாருங்கோ, எந்தக் கதவு!" என்று நாராயண் கத்த, எரிந்த கடைசி விளக்கைப் பார்த்து யாரோ கொல்லைப்புறத்து அறையைத் தள்ளித் திறந்தார்கள்.

அங்கே ஸிந்துஜா உட்கார்ந்திருந்தாள். தலை வாராமல், எண்ணெய் இல்லாமல், கவிழ்த்துவைத்த தட்டுக்குப் பக்கத்தில், தூரமாக. ஆண்கள், பெண்கள், வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பட்டம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"ஓ, ஆத்துல விலக்கா? அதான் மெஷினுக்கே பொறுக்கலை!"

சிரிப்பு. நல்ல மனசோடு சிரித்த சிரிப்புதான், அதில் சந்தேகமில்லை. மூன்று நாள் கழித்துக் குளித்துவிட்டுத் தெருவில் இறங்கியபோது, எல்லாருடைய கண்ணிலும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருப்பதாக அவளுக்குப் பட்டது. அதன் பிறகு அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோவிலில் தீர்த்தம் வாங்கும்போதுகூட, நீட்டிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாராயண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னொரு தடவை இது அடிச்சு தெரு கூடித்துன்னா, நீ கொஞ்ச நாள் கும்பகோணத்துல போய் இருந்துட்டு வா, ஸிந்து. அம்மாவால தாங்க முடியலை" என்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னான். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற அப்பாவும், ஆவணியில் கல்யாணம் நிச்சயமான தங்கையும் இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூத்தவள் பெட்டியோடு வந்து இறங்கினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்பார்கள் என்பதை அவள் படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்திருக்கிறாள். யோசிக்கும்போதெல்லாம் காது மடல் சுடும்.

உற்சவம் தொடங்கிவிட்டது. இன்னும் சில நாளில் பெருமாள் இந்தத் தெருவுக்கு வருவார். மூன்றாவது விளக்கு எரிந்தது.

அன்று மத்தியானமே ஐயம்பேட்டையிலிருந்து தர்மனை வரவழைத்தார்கள். ரேடியோ, மிக்ஸி, மோட்டார் எதுவானாலும் திறந்துபார்க்கிற தைரியசாலி. கூடத்தில் படிக்கு அடியில் குந்தி, தகரப் பெட்டியைத் திறந்து, மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அந்த ஸ்விட்சை நான் பாக்கலாமா மாமி?"

"பெருமாள் உள்ளுக்கு யாரும் வரப்படாதுப்பா. மாட்டும்போதே நான்தான் மடியா போய்த் திருகினேன்."

"அப்போ டாக்டர் வெளிய, பேஷண்டு உள்ள." அவன் சிரித்தான். "சின்னம்மா, நீங்களே போய் கதவை உள்பக்கமா சாத்திப் புடிச்சிக்கங்க. நான் சொல்றவரிக்கும் வுடாதீங்க."

ஸிந்துஜா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் இல்லாத அறை. துளசி, கற்பூரம், பழைய எண்ணெய் இவற்றின் மணத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது: நிழலில் காயப்போட்ட துணியின், சரியாக உலராத பருத்தியின் நெடி. கொல்லைப்புறத்து அறையில்தான் அந்த நெடி இருக்கும். அவள் சட்டென்று தன் புடவையை முகர்ந்துகொண்டாள். காலையில் குளித்துக் கட்டியது. நாள்கூட இன்னும் ஆகவில்லை. ஆனாலும் முகம் சூடேறியது, பெருமாளுக்கு முன்னால் ஏதோ தவறு செய்துவிட்டவள் போல.

"திறக்காதீங்கமா!" என்று தர்மன் வெளியிலிருந்து கத்தினான்.

"திறக்கலையே. பிடிச்சுண்டுதான் இருக்கேன்."

"அட, இப்போ தொறந்தீங்களே! முள்ளு விழுந்துச்சே!"

அவள் இரண்டு கையாலும் கதவை அழுத்திக்கொண்டிருந்தாள். மரம் உள்ளங்கையில் குளிர்ந்தது. கதவு இம்மியும் நகரவில்லை.

"மூடினீங்க... தோ, மறுபடி தொறக்கிறீங்க. வெளாடாதீங்கமா!"

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது அம்ருதவல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டிய நிதானம் இருந்தது.

"எலி கிலி ஒயரைக் கடிச்சிருக்கும்," என்றான் தர்மன், மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு. "சொவத்துக்குள்ள எங்க போய்த் தேடறது? இப்போதிக்கு ஒரு வேலை செய்றேன்." மூன்றாவது கதவிலிருந்து வந்த ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்டியில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கம்பித் துண்டை வளைத்து மாட்டினான். விளக்கு அணைந்தது. "இனிமே அந்தக் கதவு சாத்தினாப்பலதான் பொட்டிக்குத் தெரியும். ஆனை வந்து கதவைத் தூக்கிக்கினு போனாலும் மூணாம் நம்பர் எரியாது. திருவிழா முடிஞ்சு நல்லா பாத்துக்கலாம்."

"இந்தத் தடிமனான ஒயர் எங்க போறது?" என்று ஸிந்துஜா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"செவப்பும் கறுப்பும்மா? மாடிக்கு. சைரனுக்கு." அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "அதுல மட்டும் கை வச்சிடாதீங்க. அப்புறம் இது அலாரம் இல்ல, சீரியல் லைட்டு."

புறப்பாட்டுக்கு முதல் நாள் அவள் தூரமானாள். நாள் தள்ளிப்போக வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதை உடம்பு காதில் வாங்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்து அறைக்கு நடந்தாள். அதைப் பார்த்த அம்ருதவல்லி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் நாராயணும் அம்ருதவல்லியும் பெருமாளைத் தெருமுனையில் எதிர்கொண்டு அழைத்துவரக் கிளம்பினார்கள். நாராயண் பலகையில் எண்களை அழுத்துவது ஸிந்துஜாவின் அறைக்குக் கேட்டது. கடைசி விளக்கை, அவள் அறையிலிருந்து கிணற்றடிக்குத் திறக்கும் கதவை, அவன் கணக்கிலிருந்து நீக்கினான். போன வருஷத்துக்குப் பிறகு அப்படித்தான் செய்வார்கள், அவள் கிணற்றடிக்குப் போய்வர வசதியாக. வீடு முழுவதையும் அந்தப் பெட்டி காவல் காக்கும். அவள் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்காது.

"பெருமாள் உள் பக்கம் போயிடாதேடி. போர்டைத் தொடவே தொடாதே," என்றாள் அம்ருதவல்லி, நடையின் கோடியிலிருந்து, தள்ளி நின்று.

"சரிம்மா."

"இன்னிக்கு ஒரு நாள், ஸிந்து," என்றான் நாராயண். அவ்வளவுதான் சொன்னான். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பெருமாள் குடை கம்பியில் பட்டுவிடக் கூடாதென்று தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். மின்விசிறி தயங்கித் தயங்கிச் சுற்றி நின்றது. விசிறி இருந்தவரை கேட்காத சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: கிணற்று வாளியின் கம்பி கல்லில் உரசுவது, ஓட்டின் மேல் ஒரு காய்ந்த மட்டை புரள்வது, எங்கோ தூரத்தில் நாகஸ்வரம் காற்றோடு வந்து காற்றோடு போவது, படிக்கு அடியில் தகரப் பெட்டிக்குள் பேட்டரி, வயதானவர் நெஞ்சில் கபம் போல, மெல்ல இரைவது. அறையின் நெடி வெப்பத்தில் கனத்தது. ஸிந்துஜா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தன் உடம்பைப் பற்றி நினைக்காமல் இருக்க முயன்றாள்.

கீச்.

அவள் நிமிர்ந்தாள்.

கீச். கீச். கீச்.

அது எச்சரிக்கை மணி. காவலில் இருக்கும்போது வாசல் கதவோ பெருமாள் உள் கதவோ திறந்தால் உடனே சைரன் அடிக்காது, வீட்டுக்காரர் எண்ணை அழுத்தி நிறுத்தச் சற்று அவகாசம் தரும். விடியற்காலையில் மடியாகப் பெருமாள் உள்ளுக்குப் போகும் அம்ருதவல்லிக்காக அப்படி வைத்திருந்தார்கள். அந்த அவகாசம் தீர்ந்தால் சைரன்.

ஸிந்துஜா நடைக்கு ஓடிவந்தாள். கூடம் இருட்டு. வாசல் கதவு சாத்தியிருந்தது. பலகையில் மூன்றாவது விளக்கு.

கழற்றிவிட்ட ஒயர். எரிய முடியாத விளக்கு. எரிந்தது.

கீச், கீச், கீச்.

நாகஸ்வரம் தெருவுக்குள் திரும்பிவிட்டது. அவள் கண்ணுக்குள் தெரு முழுவதும் திமுதிமுவென்று நுழைந்தது. பட்டம்மாளின் வாய் திறந்தது. அப்பா கும்பகோணத்து வாசலில் நின்று, அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். தொடக் கூடாது என்று கால் நின்றது. கை நிற்கவில்லை. பெருமாள் உள் வாசலுக்கே போய், தீண்டத்தகாத அந்த விரலால், ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.

சத்தம் நின்றது.

அவள் நெற்றி அந்தக் கதவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சங்கிலி கொண்டியில் இருந்தது. கதவிடுக்கு வழியே நெடி வந்தது. உலராத பருத்தி, பழைய மஞ்சள், கிணற்றுத் தண்ணீர். இம்முறை புடவையை முகரவில்லை. "அபசாரம், அபசாரம், மன்னிச்சுடுங்கோ" என்று முணுமுணுத்தாள். அது தன்னிலிருந்துதான் வருகிறது என்று நம்பினாள். அப்படி நம்புவதுதான் அப்போது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

மூன்றாவது விளக்கு அணைந்தது. பலகை ஒருமுறை கீச்சிட்டது. நான்காவது எரிந்தது.

தளிகை உள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தளிகை உள்ளின் கதவு சாத்தியபடியே இருந்தது.

பலகையே கெட்டுவிட்டது. சைரனும் தானாக அடிக்கலாம். எந்த நொடியும். பெருமாள் வாசலுக்கு வரும் அதே நொடியில். வேறெதுவும் அவள் மனதில் இல்லை. படிக்கு அடியில் குனிந்தாள். தகரப் பெட்டியின் மூடியை நகத்தால் நெம்பினாள். தடவினாள். மெல்லிய ஒயர்கள், மெல்லிய ஒயர்கள், தடிமனானவை இரண்டு. பற்றி இழுத்தாள். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். ஒரு சின்ன நீலப் பொறி. ஒயர் கையோடு வந்தது.

இனி அது அடிக்காது. என்ன நடந்தாலும் அடிக்காது.

அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியில்தான். அந்த நிம்மதியை நினைத்து உடனே வெட்கமும் வந்தது.

அங்கிருந்தபடியே பலகையைப் பார்த்தாள். நான்காவது விளக்கு அணைந்தது. ஐந்தாவது எரிந்தது. கொல்லைக் கதவு. எதுவானாலும் போகிறது. பெருமாள் உள்ளிலிருந்து கிளம்பி, தளிகை உள்ளைத் தாண்டி, கொல்லைப் பக்கமாக, வீட்டைவிட்டுப் போகிறது. ஐந்தாவதும் அணைந்தது. பலகை முழுவதும் இருட்டு.

போய்விட்டது.

அவர்கள் வருவதற்குள் எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். ஸிந்துஜா பெட்டியை மூடினாள், ஒயரை அதன் பின்னால் தள்ளினாள், பலகையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள், துடைத்த பிறகு அந்தத் தலைப்பும் தீட்டுதான் என்று நினைவு வந்து துடைப்பதை நிறுத்தினாள். மறுபடி எண்களை அழுத்திக் காவலில் வைத்தாள், கடைசி விளக்கை மட்டும் நீக்கி, நாராயண் செய்ததைப் போலவே. பலகை சாதுவாக ஒருமுறை ஒலித்து அடங்கியது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

வாசலில் தீவட்டி வெளிச்சம். கதவின் கீழே இருந்த சந்தில் அது ஆரஞ்சாக ஓடிவந்தது. திருச்சின்னம். காலடிகள். அம்ருதவல்லியின் குரல், "எங்காத்து வாசல்தான், எங்காத்து வாசல்தான், நிறுத்துங்கோ" என்று கூட்டத்தில் பெருமையோடு.

அவள் நடையில் ஓடினாள். கொல்லைக் கதவைத் தாண்டும்போது கண் தானாக அதன்மேல் போனது. தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது.

நிற்க நேரமில்லை. அறைக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தித் தாழிட்டாள். அதன்மேல் முதுகைச் சாய்த்து மூச்சு விட்டாள்.

அப்புறம்தான் தாழ்ப்பாள் நினைவு வந்தது.

உள்ளே போட்ட தாழ்ப்பாள். வெளியே போகவில்லை. கொல்லைக் கதவுவரை வந்தது. அதற்கப்புறம் இருந்த ஒரே விளக்கு கணக்கில் இல்லை. அதற்கப்புறம் பெட்டி பார்க்காத இடம் ஒன்றுதான்.

இருட்டு.

நெடி. இங்கே எப்போதும் இருக்கும் நெடி. ஆனால் இப்போது ஈரமாக.

கிணற்றடிக் கதவை ஒட்டிய மூலையில் ஏதோ அசைந்தது. புடவை தரையில் இழுபடும் சத்தம். கொஞ்சம் நகர்ந்தது. அவளுக்கு உட்கார இடம் விடுவதுபோல.

"யாரு?" என்றாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும்.

அது எழுந்தது. எலும்பு நெட்டி முறியும் ஓசை. இந்த அறையிலேயே வெகுகாலம் உட்கார்ந்து இருந்தவள் எழுவதுபோல.

கை பின்னால் தாழ்ப்பாளைத் தேடியது. கிடைத்தது. திறந்தால் நடை. நடை தாண்டினால் கூடம். கூடம் தாண்டினால் வாசல், தீவட்டிகள், நாராயண், பட்டம்மாள், தெரு. தலை விரிந்த கோலத்தில். பெருமாளுக்கு முன்னால்.

விரல் தாழ்ப்பாளின்மேல் நின்றது.

அலறலாம். ஒரு அலறல் போதும். அவள் வாயைத் திறந்தாள்.

வெளியே நாகஸ்வரம் ஓய்ந்தது. கற்பூரம் காட்டுகிறார்கள். தெரு முழுவதும் மூச்சை அடக்கி நிற்கிற நேரம். ஒரு சொம்பு உருண்டால்கூட வாசல்வரை கேட்கும்.

அவள் கை எழுந்து அவள் வாயையே பொத்திக்கொண்டது.

விலக்காக இருக்கும் நாளில் யாரும் அவளைத் தொடமாட்டார்கள். அந்தக் கையின்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. தண்ணீரில் வெகுநேரம் ஊறிய சுருங்கிய விரல்கள், பெண் விரல்கள். முரட்டுத்தனம் இல்லை. பரிவாக, வாயைப் பொத்திப் பழகிய பதத்தோடு, அவள் விரல்களுக்கு இடையே இருந்த சந்துகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, அந்தக் கை மூக்கை நோக்கி மெல்ல மேலேறியது.